பேதுருவின் மாமியாருக்கு வந்த காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்போதே தொண்டையில் முள் குத்தியது. எங்கள் பக்கத்தில் இதைத் தடுமன் என்போம். தடுமனுக்கு யாரும் படுப்பதில்லை, நானும் படுக்கவில்லை. ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினேன். அத்தைக்கு வெந்நீர் வைத்தேன். எட்டரை மணி ஆராதனைக்கு நால்வரையும் கிளப்பிவிட்டு, கடைசியாக நான் சேலை கட்டினேன்.

பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருடமாக ஆல்டோ பாடுகிறேன். வியாழன் மாலை ஒத்திகை, ஞாயிறு ஆராதனை. யாருடைய மனைவியாகவும் அம்மாவாகவும் இல்லாமல் நான் நிற்கும் இடம் அது. அன்று குரல் எழும்பவில்லை. பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். பாடுகிறவர்களுக்கு அடுத்த பாட்டின் பக்கத்தைத் தேடவே நேரம் சரியாக இருக்கும். சும்மா உட்கார்ந்ததால் அன்று வேதபாடம் காதில் முழுதாக விழுந்தது.

மாற்கு முதல் அதிகாரம். சீமோன் பேதுருவின் மாமியார் ஜுரத்தோடு கிடக்கிறாள். இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். ஜுரம் நீங்குகிறது. அவள் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்கிறாள். சுகம் பெற்றதற்கு அடையாளமே சேவைதான் என்றார் ஐயர். நான் கைக்குட்டைக்குள் இருமிக்கொண்டே யோசித்தேன். ஒரு நாள் படுத்திருக்க விட்டிருக்கலாமே? நாலைந்து ஆண்கள் வீட்டுக்குள் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தண்ணீர் மொண்டு குடிக்கத் தெரியாதா?

திருவிருந்தில் அப்பத்தை மட்டும் வாங்கினேன். எல்லோரும் வாய் வைக்கும் ஒரே பாத்திரம். தடுமனோடு அதில் வாய் வைக்க மனம் ஒப்பவில்லை. நான் செய்தது சரி என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

மதியம் நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். ஒன்பது பேருக்குச் சோறு, கோழிக்குழம்பு, ரசம். அதே மூக்கு, அதே இருமல், அதே கை. கோயிலில் நூறு பேருக்குத் தொற்றிவிடக் கூடாது என்று பின்வாங்கிய நான், வீட்டில் ஒன்பது பேருக்குப் பரிமாறினேன். தொற்றும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சமையலறையில் நிற்கிறவளுக்கு உடம்பு உண்டு என்ற நினைப்பே எங்கள் யாருக்கும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்களுக்கு வருடத்தில் 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. இடைவேளையில் என் விடுப்பைக் கணக்குப் பார்த்தேன். அத்தையின் கண் அறுவைக்கு மூன்று நாள். மகனுக்கு டைபாய்டு வந்தபோது நான்கு. மகளுக்கு இரண்டு. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு ஒன்று. என் உடம்புக்காக எடுத்தது ஒன்றுகூட இல்லை. மீதியிருந்த இரண்டையும் கிறிஸ்துமஸ் வேலைக்கென்று வைத்திருந்தேன்.

செவ்வாய் இரவு மூக்கடைத்துத் தூக்கம் வரவில்லை. எழுந்து குரோஷா ஊசியை எடுத்தேன். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துக்காக ஒரு மேசை விரிப்புக்கு ஓரம் பின்னிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. “அம்மாவுக்குப் பொழுது போகலைன்னா நூலை எடுத்துருவாங்க” என்பான் மகன். பொழுது போகாத ஒரு நாள் எனக்கு எப்போது வாய்த்தது என்று தெரியவில்லை.

என் அம்மாவுக்கு இது பொழுதுபோக்காக இருந்ததில்லை. அம்மாவின் ஊர் இடையன்குடிக்குப் பக்கம். திண்டின்மேல் காகிதத்தில் வரைந்த கோலத்தை விரித்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவாள். கெஜக் கணக்கில் கூலி. என் கல்லூரித் தேர்வுக் கட்டணம் அந்தக் கூலியில் கட்டியது.

அந்தத் திண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண், பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, இந்தக் கைவேலையும் கூட வந்தது. கால்டுவெல் பெயர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எலைசா பெயரை என் வகுப்பில் கேட்டால் ஒரு கை உயராது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் நாகர்கோவில் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு பெண்ணின் விரல் செய்கிற வேலைக்குக் கூலி என்று ஒன்று இருந்ததால் நடந்தது அது.

புதன்கிழமை என்னால் எழ முடியவில்லை. காய்ச்சல் 101. கண்ணைத் திறந்தபோது ஆறரை மணி. ஐந்தரைக்கே முடிந்திருக்க வேண்டிய வேலைகள் மனதில் வரிசையாக ஓடின. ஆனால் அடுக்களையில் சத்தம் கேட்டது. குக்கர் விசில் அடித்தது. யாரோ தேங்காய் துருவினார்கள். ஆண்டவரே, வீடு நடக்கிறதே என்று அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்கு இதமாக இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் சுக்குக்காப்பியோடு மகள் வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சீருடைமேல் என் பழைய துண்டைக் கட்டியிருந்தாள். “தோசை ஊத்தியாச்சு. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் டப்பா கட்டிட்டேன். நீங்க படுங்கம்மா” என்றாள். அவளை யாரும் எழுப்பவில்லை. யாரும் சொல்லித்தரவும் இல்லை. அன்று அவளுக்கு அறிவியல் தேர்வு. பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று தேர்வு எதுவும் இல்லை.

எனக்குள் ஏதோ நொறுங்கியது. என் இடம் ஒரு மணி நேரம் காலியாக இருந்தது. அதற்குள் இந்த வீடு இன்னொரு பெண்ணைத் தேடிப் பிடித்து அங்கே நிறுத்திவிட்டது. மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அத்தை வாய் நிறையப் புகழ்ந்தார்கள். நானும் அவளைப் பெண்ணியம் பேசித்தான் வளர்த்தேன். மகனை எப்படி வளர்த்தேன் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் போன வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் நூற்றில் இருபத்தாறு ஆண்கள்தான் அந்த வேலையைத் தொடவே செய்கிறார்கள். கரும்பலகையில் அதை எழுதிவிட்டு வந்து, நான் என் 299 நிமிடத்தைச் செய்தேன். அந்தப் புதன்கிழமை அது அப்படியே என் மகள் கணக்குக்கு மாறியது.

வியாழன் இரவு நான்கு பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். குரல் இல்லாததால் கத்த முடியவில்லை, அது நல்லதாகப் போயிற்று. “அவ ஆசையாத்தானே செஞ்சா?” என்றார் கணவர். அவர் கெட்டவர் இல்லை. அசனத்துக்கு விடிய விடிய நின்று ஆயிரம் பேருக்குச் சோறு பொங்கும் குழுவில் அவரும் ஒருவர். அந்தப் பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டுகிற கைக்கு, வீட்டில் ஒரு தம்ளர் காப்பி போட வரவில்லை. அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அங்க ஊரே பாக்கும். இங்க யாரு பாக்கா?” என்று அத்தைதான் சிரித்தார்கள். எழுபத்தாறு வயதில் அவர்கள் வாயிலிருந்து அது வந்தது. அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போனேன். வேதபாடம் சொல்வது என் முறை. பேதுருவின் மாமியாரையே எடுத்தேன். இறையியல் படித்த தோழி ஒருத்தி எனக்கு விளக்கியதைச் சொன்னேன். அவள் பணிவிடை செய்தாள் என்ற இடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல், அதே அதிகாரத்தில் வனாந்தரத்தில் தேவதூதர்கள் இயேசுவுக்குச் செய்ததற்கும் வருகிறது. பத்தாம் அதிகாரத்தில், ஊழியம் கொள்ள வரவில்லை, செய்யவே வந்தேன் என்று இயேசு தம்மைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான். சபையில் டீக்கன் என்ற பதவிப் பெயர் பிறந்ததும் அதிலிருந்துதான். தூதர்கள் செய்தால் மகிமை, இயேசு செய்தால் ஊழியம், மாமியார் செய்தால் மட்டும் அடுப்படி வேலை என்று வாசிக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன்.

ஒரு பாட்டி கை தூக்கினார். “அது சரி தாயி. ஊழியம்னு பேரு மாத்திட்டா பாத்திரம் தானா கழுவிக்கிடுமா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. பேரை உயர்த்திவிட்டு வேலையை அவள் தலையிலேயே வைப்பதும் பழைய தந்திரம்தான். ஊழியம் என்றால் அது சீஷர்களுக்கும் உரியது. பேதுருவும் கழுவட்டும்.

சனிக்கிழமை கணவருக்கும் மகனுக்கும் தடுமன். ஞாயிறு மதியச் சோற்றின் பலன். கணவர் இரண்டு கம்பளிக்குள் சுருண்டுகொண்டார். நொச்சி இலை பறித்து வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைக்கக் கால் தன்னால் அடுப்படிக்குப் போனது. பாதி வழியில் நின்றேன். மகனைக் கூப்பிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். சுக்கு, மிளகு, கருப்பட்டி எங்கே இருக்கின்றன என்று காட்டினேன். பதினாறு வருடம் வாழ்ந்த வீட்டில் அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. மிளகை அள்ளிப் போட்டுவிட்டான். குடித்தவுடன் கணவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் முன்னறையில் கால் நீட்டிக் கதைப் புத்தகம் படித்தாள். எழுந்து உதவப் போனவளை நான்தான் உட்காரச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் வீடு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தக் காப்பிப் பாத்திரம் மறுநாள் காலை வரை கழுவாமல் கிடந்தது. நானும் கழுவவில்லை. விரிப்பின் ஓரத்தில் இன்னும் இரண்டு சாண் பாக்கி இருக்கிறது. இந்த முறை ஏலத்தில் வாசிக்கும் சீட்டில் இன்னாரின் மனைவி என்று எழுதாமல் என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஆல்டோ வரிசையில் நின்றேன். மேல் சுரம் எட்டவில்லை. எட்டியவரை பாடினேன்.