பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: விலை இறங்காத பழைய காடி

முதல் சம்பளம் கைக்கு வந்த வாரமே வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "எப்ப காடி எடுக்கப் போற?" கிள்ளான் பள்ளத்தாக்கில் இதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கிள்ளானில் குடியிருந்து கே.எல். செண்ட்ரலில் வேலை பார்ப்பவருக்குக் கொம்யூட்டர் ரயில் உண்டு. துறைமுகக் கிள்ளானில் இரவு வேலை முடித்துத் திரும்புகிறவர், அம்மாவைத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர், காப்பாரில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர், இவர்களெல்லாம் ரயிலை நம்பி நாளைத் திட்டமிட முடியாது.

விற்பனைக்கூடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறது: குறைந்த முன்பணம், ஒன்பதாண்டுத் தவணை. 50,000 ரிங்கிட் கடன், 3.5 விழுக்காடு நிலை வட்டி, 9 ஆண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி மட்டும் 15,750 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 609. இருபத்து நான்கு வயதில் கையொப்பமிட்டவர் முப்பத்து மூன்றில்தான் விடுபடுவார். நடுவில் கல்யாணம், வீடு, தம்பி தங்கையின் படிப்பு என்று எல்லாமே அந்த 609 வெள்ளியைத் தாண்டித்தான் வரவேண்டும்.

என் அக்காள் மகன் அந்தப் பதிலை ஏற்கவில்லை. அவன் கையில் 12,000 வெள்ளி இருந்தது. "மாமா, ரொக்கத்துக்கு ஒரு பழைய காடி. மூணு நாலு வருசம் ஓட்டிட்டு வித்தா, போட்ட காசுல பெரும்பகுதி திரும்ப வரணும்" என்றான். அப்படிப்பட்ட காடி எது, அதன் விலையை எது தாங்கி நிற்கிறது என்று பார்க்கத்தான் ஒரு சனிக்கிழமை இருவரும் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டுக் கிள்ளான் நோக்கிக் கிளம்பினோம்.

பிரிக்பீல்ட்ஸ் செங்கல்லாலும் ரயிலாலும் உருவான ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பிறகு, அத்தாப்புக் கூரைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அந்தச் செங்கல் சூளைகள் கொடுத்த பெயர்தான் இது. ஐந்தே ஆண்டுகளில், 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவையும் இணைத்து ரயில் ஓடியது. ரயில்வேயில் வேலை செய்த நம் தாத்தாமார்கள் தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் காடி வாங்குவதைப் பற்றி நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். ரயில் பெட்டிகள் நின்ற இடத்தில் 2001-இல் கே.எல். செண்ட்ரல் திறக்கப்பட்டது. இன்றோ துன் சம்பந்தன் சாலையில் காடி நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடுகிறது. சிறிய காடியின் முதல் நன்மை இங்கேயே தெரிந்துவிடும். பூக்கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவில் பெரிய காடிகள் சுற்றிச் சுற்றி வரும்போது, ஒரு பழைய கெலிசா சந்துக்குள் நுழைந்து ஒரே திருப்பில் நின்றுவிடுகிறது.

அங்கிருந்து பழைய கிள்ளான் சாலையைப் பிடித்தோம். கூட்டரசு நெடுஞ்சாலை வருவதற்கு முன் கிள்ளானுக்குப் போக இதுவே வழி. இன்று இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டாலும், நடுநடுவே பழைய காடி விற்கும் திடல்களும் டயர் கடைகளும் பட்டறைகளும் விட்டுப்போகாமல் இருக்கின்றன. திடலில் நிற்கிற காடி எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். பாலிஷ் போட ஒரு பிற்பகல் போதும். ஆகவே திடலுக்குப் போகுமுன் பட்டறைக்குப் போனோம். பழைய காடி வாங்குகிற யாருக்கும் நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

கையில் கிரீஸோடு வந்த போமனிடம், "அண்ணே, எந்தக் காடி நல்ல காடி?" என்று அக்காள் மகன் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். "நல்ல காடியா? என்கிட்ட இப்ப சாமான் இருக்கிற காடிதான் நல்ல காடி தம்பி" என்றார். பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். எண்ணெய் வடிகட்டி, பிரேக் பேட், அப்சார்பர், எஞ்சின் மவுண்டிங் என்று பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெரும்பாலானவை பெரோடுவாவுக்கும் புரோட்டோனுக்கும் உரியவை. ஐரோப்பியக் காடியின் பெயர் போட்ட பெட்டி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

விலை நிற்பதற்கான காரணம் அந்த அலமாரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். புதுக் காடியின் பெரிய விலைச்சரிவை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார். பத்து வயதைத் தாண்டிய காடிக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. அதை வாங்க வருகிறவர் பெரும்பாலும் ரொக்கக்காரர். அவரால் புரட்ட முடிந்த தொகைக்குள் விலையும் இருந்து, கெட்டுப்போனால் பக்கத்துப் பட்டறையிலேயே அன்றே சரிசெய்யவும் முடிந்தால், அந்தக் காடிக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய ஆடம்பரக் காடி, பதினைந்தாம் வயதில் மைவி விலைக்கு இறங்கி வந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். வாங்குகிற விலை மலிவு, ஆனால் கியர்பெட்டி ஒன்று போனால் அந்த விலையே கூடப் போதாது. சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் 1,000 சி.சி. வரையுள்ள தனியார் காடிக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1.3 மைவிக்கு 70, 1.5 வியோஸுக்கு 90. இரண்டு லிட்டர் எஞ்சினாக இருந்தால் அது 380-ஐ நெருங்கிவிடும்.

மலேசியர்களுக்கு இந்த அலமாரி ஒரே நாளில் நிறையவில்லை. 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. அடிப்படை மிட்சுபிஷியுடையது, பொருத்தியது நம் ஷா ஆலாமில். 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. டைஹாட்சு மீராவின் 660 சி.சி. உருவம் அது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் நான்கு சக்கரம் கஞ்சில்தான். ஐந்து பேர் ஏறி, மடியில் இரண்டு பிள்ளைகளோடு பத்துமலைக்குப் போன கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். பிறகு கெனாரி, 2001-இல் கெலிசா, 2005-இல் மைவி, 2007-இல் விவா, 2014-இல் அக்சியா. ஒன்றின் எஞ்சினைக் கற்ற கை அடுத்ததையும் எளிதாகப் பிரித்துப் பூட்டியது. முப்பது ஆண்டுப் பழக்கம் இது.

இவற்றில் எதை எடுப்பது? கெலிசாவின் விலை பலரும் வியக்கும்படி நிற்கிறது. 2007-இல் உற்பத்தி நின்றுபோன பிறகு அதைத் தேடி வாங்குகிற ஒரு கூட்டமே உருவாகிவிட்டது. அதனாலேயே நல்ல கெலிசா இன்று மலிவாகக் கிடைப்பதில்லை, மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை. கஞ்சிலில் காற்றுப்பை கிடையாது. தினமும் கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே போகிற பிள்ளைக்கு அதை வாங்கித்தர எனக்கு மனம் வராது. ஊருக்குள் ஓட்ட விவா 1.0 போதும். குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் மைவி 1.3 பார்க்கலாம். இரண்டு எஞ்சினிலும் டைமிங் செயின்தான், குறித்த கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆனால் விவாவின் எல்லா ரகத்திலும் காற்றுப்பை இல்லை. ஸ்டியரிங்கிலும் எதிர்ப்புற டேஷ்போர்டிலும் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினோம். பத்து தீகாவிலும் சுங்கை ரசாவ்விலும் சுங்கக் கட்டணம் 2018 ஜனவரி முதல் இல்லை. இந்தப் பாதையில் தினமும் போகிறவருக்கு அது சிறிய தொகையாக இருக்கவில்லை. ஷா ஆலாமின் தென்கோடியில் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் வண்டியைத் திருப்பினோம். பழைய காடியின் கதையில் இந்த இடத்தைத் தவிர்க்க முடியாது.

2021 டிசம்பர் 18. இடைவிடாத மழை, அடுத்த நாள் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் மேல்மாடிகளில் மக்கள் உதவிக்குக் காத்திருந்தார்கள். நம்மவர்கள் நிறைய வாழும் பகுதி இது. தண்ணீர் வடிந்ததும் தெருவெங்கும் காடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேற்றில் கிடந்தன. சாதாரணக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை, அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காதவர்கள் கழுவித் துடைத்துச் சிலவற்றை ஓட்டினார்கள், சிலவற்றை விற்றார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூழ்கிய காடியின் மின்கம்பிகளில் பூத்த துரு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். பச்சைப் பாசி மாதிரி மின் இணைப்புகளில் படிந்து, ஒரு நாள் நெடுஞ்சாலையின் நடுவே எஞ்சினை நிறுத்தும்.

அன்று நாங்கள் வழியில் பார்த்த ஒரு மைவி கண்ணுக்குக் குறையில்லாமல் இருந்தது. விலை சந்தையைவிட ஓர் ஆயிரம் குறைவு. நாங்கள் கூட்டிப்போயிருந்த போமன் முன்பக்க சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்தார். கடைசி இரண்டு சாணில் பழுப்பு நிறக் கோடு ஒன்று நேராக ஓடியது. பிறகு சீட்டுக்கடியில் நகரும் தண்டின் போல்டுகள், உதிரி டயர் வைக்கும் பள்ளம், கார்பெட்டின் அடிப்புறம், முன்விளக்கின் உள்ளே பனி. ஒவ்வொன்றும் அதே கதையைச் சொன்னது. உட்புறம் புது வாசனைத் திரவம் தூக்கலாக அடித்ததற்கு அர்த்தமும் புரிந்தது. விற்பவரிடம் எதையும் வாதாடாமல் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு வலையும் கைப்பேசியில் வந்தது. "சம்போங் பாயார். முன்பணம் 2,000, மாதம் 400, உடனே எடுக்கலாம்." இதில் காடியும் கடனும் இன்னொருவர் பெயரிலேயே இருக்கும், தவணையை மட்டும் நீங்கள் கட்டுவீர்கள். இது சட்டத்துக்குப் புறம்பானது. பெயருக்குரியவர் வங்கிக்குக் கட்டாமல் விட்டால் காடியை இழுத்துப் போய்விடுவார்கள், நீங்கள் கொடுத்த பணத்துக்குச் சீட்டு கிடையாது. விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிடலாம். நம் பிள்ளைகள் சிலர் இதில் மாட்டியிருப்பது ஊரறிந்த விஷயம். கிராண்டில் உங்கள் பெயர் ஏறாத காடி உங்கள் காடியே ஆகாது. அதற்கு விலை நிற்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

கிள்ளானைச் சுற்றி, காப்பார் மேரு பக்கமெல்லாம், பழைய உதிரிப் பாகம் விற்கும் கெடாய் போத்தோங்குகள் உண்டு. எஞ்சின், கதவு, பம்பர், கியர்பெட்டி என்று மலையாகக் குவிந்திருக்கும். பழைய காடிக்காரரின் மருந்துக்கடை இதுதான். ஆனால் இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: விபத்தில் சிதைந்த இரண்டு காடிகளின் பாதிகளை வெட்டி ஒட்டியும் விற்பார்கள். பானட் கீலின் போல்டுகளில் சாயம் உரிந்திருக்கிறதா, கதவு ரப்பரைத் தூக்கினால் வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா, சேஸிஸ் எண் கிராண்டோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். மீட்டரை நம்பாதீர்கள். 60,000 கிலோமீட்டர் என்று காட்டும் காடியின் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், பெடல் சொல்வதுதான் உண்மை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நீங்களே முடுக்குங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது வாரம், கிள்ளானிலேயே, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடமிருந்து 2012 விவா அகப்பட்டது. கதவில் கீறல், ஒரு பக்கம் சாயம் மங்கல். ஆனால் எண்ணெய் மாற்றிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். அந்த டின்னைப் பார்த்ததும் போமனே பேரத்தைக் குறைத்துக்கொண்டார். புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை முடிந்து, ஜேபிஜே முகப்பில் இருவரும் பெருவிரல் ரேகை வைத்த பிறகுதான் மீதிப் பணம் கைமாறியது. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டு ரேகைக்காக அலைகிறவர்கள் உண்டு.

முதல் காடி என்பதால் அவனுக்கு என்சிடி கழிவு இல்லை. கோரிக்கை எதுவும் இல்லாமல் ஓராண்டு ஓட்டினால் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாண்டில் 55 வரை ஏறும். அந்தக் கழிவு காடிக்குரியதில்லை, உரிமையாளருக்குரியது. நாளை இதை விற்று வேறு காடி வாங்கினாலும் கூடவே வரும். பத்து வயது தாண்டிய காடி என்பதால், விபத்தில் புது உதிரிப் பாகம் போட்டால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை நம்மிடம் கேட்கலாம் என்பதையும் முகவரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டோம். வெள்ளச் சேதத்துக்கான காப்பையும் சேர்த்துக்கொண்டான். 12,000-இல் 1,500 வெள்ளியைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லியிருந்தார் போமன். எண்ணெய்கள், பிரேக் பேட், பேட்டரி, முன் டயர் இரண்டு, கீழ்க்கை புஷ் ஆகியவற்றுக்கே அதில் 1,180 போனது.