பூட்டு வேறு, அட்டை வேறு

செய்யாறு பக்கத்தில் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நிலக்கடலை போடும் விவசாயி அவர். இந்தச் சித்திரையில் கடலையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்று, வந்த பணம் முழுவதும் வங்கிக் கணக்கில் இருந்தது. மனைவியின் வளையல் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் கிடந்தது. திங்கட்கிழமை போய் மீட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவு.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. 'பிஎம் கிசான் தவணை ரூ.2,000 நிறுத்தப்படும். உடனே கேஒய்சி முடிக்கவும்.' கீழே ஓர் இணைப்பு. தொட்டதும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தது. அசோகச் சின்னம், பச்சை வயல், நடுவில் 'செயலியைப் பதிவிறக்கு' என்று ஒரு பொத்தான்.

திண்ணையில் தம்பி உட்கார்ந்திருந்தார். "தைரியமா அமுக்குங்க அண்ணா. மேல பூட்டுப் படம் இருக்குது பாருங்க. நான் காலையிலேயே முடிச்சிட்டேன். ஒண்ணும் ஆகலையே!"

கல்லூரியில் படிக்கும் மகள் ஓடி வந்தாள். "வேணாம்ப்பா. பூட்டு இருந்தா மட்டும் அரசாங்கப் பக்கம் ஆயிடாது."

"அப்புறம் எதுக்கும்மா பூட்டு போடுறான்?" என்றார் சித்தப்பா. "படிச்சவங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்க. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. ஒரு தவணை நின்னுச்சுன்னா யாரு கொடுப்பா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "விதை மூட்டை வாயைத் தைச்சிருந்தா போதும்னு வாங்கிடுவீங்களாப்பா?"

"அதெப்படி? சான்று விதைன்னா நீல அட்டை இருக்கணும்."

"அதேதான். பூட்டுங்கறது மூட்டை வாயைத் தைச்ச மாதிரி. நம்ம போனுக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல போற விவரத்தை வேற யாரும் பிரிச்சுப் படிக்க முடியாது, அவ்வளவுதான். மூட்டையைக் கட்டினவன் யாருன்னு அது சொல்லாது. திருடனும் பூட்டு வாங்கிப் போடலாம். அட்டைங்கறது மேல இருக்கற முகவரி. அதுல முதல் சாய்கோட்டுக்கு முன்னாடி எது கடைசியா இருக்குன்னு பாருங்க. அரசுத் தளம்னா ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன்னுனு முடியணும்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். முகவரியின் தொடக்கத்தில் பிஎம் கிசான் என்றுதான் இருந்தது. முடிவில் வேறு ஏதோ இருந்தது. பக்கத்தை மூடினார்.

தம்பியின் முகம் மாறிவிட்டது. காலையில் அவர் போனே ஒருமுறை தடுத்திருக்கிறது: 'தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதிக்கவா?' அவர் 'சரி' என்று அமுக்கினார். பிறகு அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது. அதற்கும் 'சரி'. வங்கி அனுப்பும் ஓடிபியும் குறுஞ்செய்தியாகத்தானே வருகிறது!

மகள் அவர் போனை வாங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு 9,000 ரூபாய் போயிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

உடனே அந்தப் போனின் இணையத்தை நிறுத்தினாள். அப்பாவின் போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும், பாஸ்புக்கில் இருந்த வங்கி எண்ணுக்கும் பேசினார்கள். வங்கி கணக்கை முடக்கியது. மீதிப் பணம் தப்பியது. அந்த 9,000 திரும்புமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணா, மானம் போயிடும்" என்றார் தம்பி. அண்ணன் பதில் சொல்லவில்லை. ஊர்க் குழுவில் அந்தச் செய்தி இன்னும் அப்படியே இருந்தது. அனுப்பியவர் தெரிந்தவர்தான், அவருக்கும் யாரோ அனுப்பியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியே அண்ணன் போனை வாங்கிக் குழுவில் பேசினார்: "நான் ஏமாந்துட்டேன். 9,000 போயிடுச்சு. யாரும் அந்த லிங்க்கை அமுக்காதீங்க. அமுக்கினவங்க வெட்கப்படாம உடனே 1930-க்குப் பேசுங்க."

இருட்டுவதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் போனோடு வந்து நின்றார்கள்.

திங்கட்கிழமை வளையல் வீட்டுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் பொது சேவை மையத்தில் கைரேகை வைத்து கேஒய்சி முடித்தார்கள். தம்பியின் போனில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக்கினாள் மகள். பிறகு நாள்காட்டி அட்டையில் மூன்று வரி எழ்துவதற்குப் பேனா தேடினாள். அது இப்போதும் அங்கே தொங்குகிறது:

வாட்ஸ்அப்பில் வரும் செயலியை நிறுவாதே. பிளே ஸ்டோரில் மட்டும் எடு.

பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை.

தவறு நடந்தால் அந்த நிமிடமே 1930.