கறுப்புப் புகை வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள்

கார் கறுப்பாகப் புகை விட்டால் உடனே "கார்புரேட்டர் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது பாவம், ஒன்றும் செய்திருக்காது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் எங்கள் பெரியப்பாவிடம் 1996 மாடல் மாருதி 800 இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் எல்லாம் கிடையாது, கார்புரேட்டர்தான். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடியது 10-க்கு இறங்கிவிட்டது. புகைச் சோதனையிலும் ஃபெயில். பழைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இது தாண்டிவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். பெரியம்மாவோ, "பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடினாலும் சரி, காற்று குறைந்தாலும் சரி, கரியும் கார்பன் மோனாக்சைடும்தான் வெளியே வரும். பெரியப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் வேலை. அங்கே பழுப்பு நிலக்கரியை மாவாக்கி ஊதி எரிக்கிறார்கள். காற்று பத்துகிறதா என்று அறிய, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்துகொண்டே இருப்பார்கள். "இங்கயும் அதே கதைதான்டா, முதல்ல காத்தைப் பாரு" என்றார்.

அப்படியே செய்தோம். பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கரி. (எண்ணெய்ப் பிசுக்கு இருந்து நீலப் புகையும் வந்தால் அது ரிங் அல்லது வால்வு சீல் சமாச்சாரம்.) ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம்; புகை கொஞ்சம்தான் குறைந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது: சோக்கை உள்ளே தள்ளியும், இன்ஜின் சூடான பிறகும், சோக் தகடு பாதி மூடியே நின்றது. கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தது. தகட்டை விரலால் திறந்ததும் இன்ஜின் சத்தமே மாறிவிட்டது!

கேபிள், ஃபில்டர், பிளக் மட்டும் மாற்றினோம். சோதனையில் பாஸ். வண்டி எடைக்குப் போகாமல் தப்பித்தது.

இதற்கும் சரியாகாவிட்டால் ஃப்ளோட் மட்டத்தையும் நீடில் வால்வையும் பார்க்க வேண்டும். மிக்ஸ்சர் ஸ்க்ரூ கடைசியில்தான். அதை முதலிலேயே திருகினால் ஐடில் மட்டும் மாறும், நிஜக் காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

முக்கியமான விஷயம்: இதையெல்லாம் மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆளையே கொன்றுவிடும்.