ஒழுகும் விமானம்

எனக்கு விமானம்னா உயிர். அதிலும் அமெரிக்காவின் எஸ்.ஆர்-71 உளவு விமானம்! 1964-ல் முதன்முதலில் பறந்தது. ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகம். ஆனால் தரையில் நின்றால் நம்ம மைப்பேனா மாதிரி எரிபொருள் ஒழுகும்!

ஏன் தெரியுமா? அதற்குத் தனி டாங்க் கிடையாது. விமானத்தின் உலோகத் தோலே டாங்க் சுவர். பறக்கும்போது சூட்டில் விரியும், இறங்கினால் சுருங்கும். அதில் இணைப்புகளில் பூசிய பசை விரிசல் விட்டுவிடும்.

தீப்பிடிக்காதா? ஜே.பி.-7 எரிபொருள் லேசில் பற்றாது. விமானத்தின் சூட்டை உறிஞ்சியதும் அதேதான். எத்தனை சொட்டு வரை ஒழுகலாம் என்று கணக்கே வைத்திருந்தார்கள்!

1999-ல் கடைசியாகப் பறந்துவிட்டது. அது உளவு பார்த்தது எனக்குப் பிடிக்கலை. ஆனால் குறையை மறைக்காமல் அளந்து வைத்தார்களே, அது ரொம்பப் பிடிச்சிருக்கு.