சதை முளைக்கும் சந்து

மூக்கில் சதை என்று வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, வீசிங் உண்டா, வலி மாத்திரை போட்டால் மூச்சு இறுகுமா என்பதைத்தான். ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை, மூக்குச் சதை மூன்றும் சேர்ந்தே வருவதை 1922இல் விடால் என்ற மருத்துவர் எழுதினார். 1968இல் சாம்டரும் பியர்ஸும் விரித்துரைத்தார்கள். எடுத்த சதை சீக்கிரம் திரும்புவது இந்த மூன்றும் உள்ளவர்களுக்குத்தான்.

பிறகு எண்டோஸ்கோப். உரித்த திராட்சை போல வெளிறித் தொங்கும் சதையைத் தொட்டால் பலருக்கு வலிப்பதில்லை. அதில் நரம்புகள் மிகக் குறைவு. அதன் காம்பைத் தேடிப் போனால், பெரும்பாலும் மூக்கின் பக்கச் சுவர் மடிப்புகளில் ஒன்றான நடு டர்பினேட்டுக்குப் பக்கத்திலுள்ள குறுகிய சந்துகளில் போய் நிற்போம். அகலமான பாதையில் இருக்கும் கீழ் டர்பினேட்டில் சதை முளைப்பது அபூர்வம். ஆஸ்திரியாவின் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தச் சந்துகளைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சவ்வுகள் ஒட்டுகிற இடத்தில் நுண்மயிர்களால் சளியைத் தள்ள முடியாமல் போகிறது, சளி தேங்குகிறது.

மூச்சுக்காற்றின் உறிஞ்சல்தான் சவ்வை இழுத்துச் சதையாக்குகிறது என்ற பழைய விளக்கம் எனக்குப் போதவில்லை. அப்படியானால் மூக்கின் நடுத்தண்டு வளைந்த எல்லோருக்கும் சதை வர வேண்டுமே! சவ்வுக்குள் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவிந்து அழற்சி மூள வேண்டும். ரத்தக் குழாய்கள் கசிய வேண்டும். கசிந்த நீரில் ஃபைப்ரின் என்ற புரதம் வலை பின்னிக்கொள்கிறது. அதைக் கரைக்க உதவும் நொதி சதைத் திசுவில் குறைந்திருப்பதால் வலை அப்படியே நிற்கிறது, நீரும் அதில் தங்குகிறது. சவ்வு கனத்துக் கீழே தொங்குகிறது. அதனால்தான் அழற்சிச் செய்திகளை மறிக்கும் டூபிலுமாப் ஊசி, கத்தி படாமலே சதையைச் சுருக்குகிறது. 2019இல் அமெரிக்கா மூக்குச் சதைக்கு இந்த ஊசியை அனுமதித்தது.

இளம் வயதினருக்குக் கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் குழியிலிருந்து ஒரு பக்கம் மட்டும் கிளம்பித் தொண்டைப் பக்கம் சரியும் ஒற்றைச் சதை வேறு ஜாதி. அதில் ஈசினோஃபில்கள் குறைவு. குழிக்குள் போய் வேரோடு எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. இருபக்கச் சதையில் அது நடக்காது. அங்கே அறுவை சிகிச்சை செய்வது, அடைத்த சைனஸ் அறைகளைத் திறந்து மருந்துக்கு வழி விடுவதுதான்.

“எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு டாக்டர் ஸ்ப்ரே?” என்பவர்களுக்கு இதையெல்லாம் படம் வரைந்தே சொல்கிறேன். உப்புநீரால் கழுவியபின் ஸ்ப்ரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுத்தண்டைப் பார்க்காமல் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும்.