1.8 வீதம்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வாரம் தரம் 10இல் குடியியற் கல்விப் பாடம். தேர்தல் முறைகள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவர் ஒருவர் எழும்பி, "சேர், டென்மார்க் என்ற நாட்டுல எல்லாரும் குர்ஆன எரிக்கிறவங்களா?" என்று கேட்டார். முதல் நாள் இரவு வாப்பாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தாராம். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது ஒன்றும் அதில் இல்லை. தூங்க முன் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லிக் கீழே எழுதியிருந்ததாம்.

அந்த வீடியோவை எமக்கும் தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, 2023இல் அதைக் குடும்பக் குழுமத்துக்கும் கல்வியியற் கல்லூரி நண்பர்களின் குழுமத்துக்கும் அனுப்பியவர்களில் நாமும் அடக்கம். அனுப்பிவிட்டு, ஏதோ ஒரு கடமையை முடித்த நிம்மதியோடு தூங்கினோம். அந்த மனிதர் யார், அவர் பின்னால் எத்தனை பேர் என்று தேடிப் பார்க்கவில்லை. பிள்ளை கேட்ட பிறகுதான் உட்கார்ந்து தேடினோம். வகுப்பில் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

டென்மார்க் சிறிய நாடு. சனத்தொகை சுமார் 60 இலட்சம். பாராளுமன்றத்தில் 179 ஆசனங்கள். நாடு முழுவதும் 2 வீத வாக்கு எடுத்தால் ஒரு கட்சி உள்ளே போகலாம். வெட்டுப்புள்ளி என்றால் என்ன என்று எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1988இல் 12.5 வீதம் 5 வீதமாகக் குறைந்ததால் எமக்கு என்ன கிடைத்தது என்பதை மர்ஹூம் அஷ்ரபின் பெயரோடு சேர்த்தே எமது ஊர்களில் பேசுவார்கள். சிறியவர்களுக்குத் திறக்கும் அதே கதவால் வெறுப்பைப் பேசும் சிறியவர்களும் வரலாம். டென்மார்க்கில் அப்படித்தான் வந்தார்கள்.

தொடக்கம் சமயத்தில் இல்லை, வரியில்! மோகன்ஸ் கிளிஸ்ட்ரப் என்ற வரிச் சட்டத்தரணி 1971இல் தொலைக்காட்சியில் தோன்றி, தான் ஒரு சதம்கூட வருமான வரி கட்டுவதில்லை என்று காட்டினார். அடுத்த வருடம் முன்னேற்றக் கட்சியைத் தொடங்கினார். பாதுகாப்பு அமைச்சை மூடிவிட்டு, "நாங்கள் சரணடைகிறோம்" என்று ரஷ்ய மொழியில் சொல்லும் ஒரு தொலைபேசிப் பதிவை வைத்தால் போதும் என்றார். மக்கள் சிரித்தார்கள். 1973 தேர்தலில் 15.9 வீத வாக்கும் 28 ஆசனங்களும் கொடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியாக்கினார்கள். பிறகு வரி மோசடிக்காக அவர் சிறை சென்றார். வெளியே வந்தவரின் பேச்சு வரியிலிருந்து முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. கட்சி தேய்ந்தது.

அதிலிருந்து பிரிந்தவர்கள் 1995இல் பியா கியர்ஸ்கோ என்ற பெண்மணியின் தலைமையில் டென்மார்க் மக்கள் கட்சியை அமைத்தார்கள். இவர்கள் சிரிக்க வைக்கவில்லை. முதியவர்களுக்கு நல்ல கவனிப்பு, வைத்தியசாலைக்குக் கூடுதல் பணம், வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கதவடைப்பு என்று ஒரே மூச்சில் பேசினார்கள். 2001 முதல் 2011 வரை அமைச்சுப் பதவி எதுவும் எடுக்காமல் வெளியிலிருந்தே வலதுசாரி அரசாங்கத்தைத் தாங்கினார்கள். அதற்கு விலையாகச் சட்டங்களைக் கேட்டு வாங்கினார்கள். வெளிநாட்டுத் துணையை அழைப்பதென்றால் கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வந்ததுதான். 2015இல் 21.1 வீதம், 37 ஆசனங்கள். அதுவே உச்சம்.

இனி பிள்ளை பார்த்த வீடியோவின் மனிதருக்கு வருவோம். ராஸ்முஸ் பலுடான், இவரும் சட்டத்தரணி. 2017இல் 'கடும் போக்கு' என்று பொருள்படும் பெயரில் ஒரு கட்சி தொடங்கினார். முஸ்லிம்கள் கூடுதலாக வசிக்கும் பகுதிகளுக்குப் போய்க் குர்ஆனை எறிவார், எரிப்பார், வசை பேசுவார், அதை யூடியூபில் போடுவார். அவரை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் அதிகம்.

தேர்தலில் நிற்பதற்கு ஒரு புதிய கட்சி அன்று சுமார் 20,000 வாக்காளர்களின் ஆதரவுக் கையொப்பம் காட்ட வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் 14ஆம் திகதி அவர் கொப்பன்ஹேகனின் நொர்ரெப்ரோ பகுதிக்கு வந்தார். இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். வீதிகளில் தீ, பொலிஸாருடன் மோதல். மறுநாள் நாட்டில் அவரைத் தெரியாதவர் இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் தேவையான கையொப்பங்கள் சேர்ந்துவிட்டன. அதன் பிறகு தொலைக்காட்சி விவாதத்தில் பிரதமரோடு ஒரே மேடையில் நிற்கும் உரிமையும் கிடைத்தது.

இந்த இடத்தை நாம் இரண்டு தடவை வாசித்தோம். அவருக்குத் தேவைப்பட்டது எமது கோபம். அது கேட்காமலே கிடைத்தது.

ஏப்ரல் 14க்கு ஒரு வாரம் கழித்து எந்த நாள் என்று எமக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எம்மவர்கள் சிலர் செய்த அந்தக் கொடுமையில் டென்மார்க் தம்பதி ஒருவரின் நான்கு பிள்ளைகளில் மூவர் கொழும்பில் உயிரிழந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பம். முழு டென்மார்க்கும் அழுதது. ஒரு தகப்பனாக, ஒரு ஆசிரியனாக அந்தச் செய்தியை இன்றும் முழுதாக வாசிக்க முடியவில்லை.

அங்கே தேர்தல் ஜூன் 5ஆம் திகதி. அதே நாள் இங்கே எமக்கு நோன்புப் பெருநாள். இரண்டு நாளைக்கு முன்னர்தான் முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாக இராஜினாமாச் செய்திருந்தார்கள். மே மாதம் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைபட்டிருந்தன. நாம் பயந்து பயந்து தொழுகைக்குப் போன அந்தக் காலையில், பிள்ளைகளைப் பறிகொடுத்து ஆறு வாரமே ஆன ஒரு நாடு வாக்களித்துக்கொண்டிருந்தது. முஸ்லிம்களை வெளியேற்றுவோம் என்று சொன்ன பலுடானுக்கு எத்தனை வீதம் கொடுத்திருப்பார்கள்?

1.8 வீதம். சுமார் 63,000 வாக்குகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. ஓர் ஆசனமும் இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. கேள்வி கேட்ட மாணவர், "அப்ப 98 வீதம் பேர் வேணாம் எண்டுதானே சொல்லியிருக்காங்க" என்றார். ஆம், மகன். உனது கேள்விக்கு முதல் பதில் அதுதான்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம்.

அதே தேர்தலில் மக்கள் கட்சியும் 8.7 வீதத்துக்கு விழுந்தது. 2022இல் 2.6 வீதம், ஐந்தே ஆசனங்கள். புதிய முதலாளித்துவர் என்ற இன்னொரு சிறு கட்சி 2.4 வீதத்தோடு 2019இல் உள்ளே போனது. 2024இல் அதன் தலைவியே கட்சியை விட்டு வேறு கட்சிக்குப் போய்விட்டார். பார்த்தால் எல்லோரும் தோற்றுப்போன மாதிரித்தான் இருக்கிறது.

அவர்களின் வாக்குகள் எங்கே போயின? 2019இல் வென்றது மெட்டே ஃப்ரெடெரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி. தொழிலாளர்களின் பழம்பெரும் இடதுசாரிக் கட்சி. குடிவரவு விடயத்தில் மக்கள் கட்சி வருடக்கணக்காகச் சொல்லிவந்ததில் பெரும்பகுதியை அவர்கள் தமதாக்கிக்கொண்டுதான் வென்றார்கள். முகத்திரைத் தடை 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசாங்கம் 'கெட்டோ' என்று பட்டியலிட்ட குடியிருப்புகளில் பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் வாரத்துக்கு 25 மணித்தியாலம் பகல் பராமரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கே டென்மார்க்கின் விழுமியங்களைக் கற்பிப்பார்கள் என்றும் சட்டம் வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவற்றுக்குப் பெரிய கட்சிகளே கையுயர்த்தின. சிறு கட்சி தோற்றாலும் அதன் பேச்சு பெரிய கட்சியின் வாயில் குடியேறிவிட்டால் அதற்கு அப்புறம் ஆசனம் எதற்கு?

இந்த மாற்றத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் எமது நாட்டோடு தொடர்புடைய ஒன்றே இருக்கிறது. 1980களில் யுத்தத்துக்குத் தப்பி இலங்கைத் தமிழர்கள் டென்மார்க்குக்குப் போனார்கள். மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளச் சட்டம் அவர்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களைச் சட்டவிரோதமாகக் கிடப்பில் போடச் செய்தார். விடயம் வெளியே வந்து, விசாரணை அறிக்கை வெளியானதும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சருக்கு 1995இல் விசேட நீதிமன்றம் நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அந்த நாட்டில் இன்றும் அதைத் 'தமிழர் விவகாரம்' என்றே சொல்கிறார்கள். எங்கிருந்தோ வந்த அகதிகளுக்கு அநீதி செய்ததற்காக ஓர் அரசாங்கமே விழுந்தது!

அதே விசேட நீதிமன்றம் 2021 டிசம்பரில் மீண்டும் ஓர் அமைச்சரைக் குற்றவாளி என்றது. இங்கர் ஸ்டொய்பெர் 2016இல் குடிவரவு அமைச்சராக இருந்தபோது, ஒருவர் 18 வயதுக்குக் குறைந்த புகலிடத் தம்பதிகளைத் தனித்தனியே விசாரித்துப் பார்க்காமல் ஒட்டுமொத்தமாகப் பிரிக்கச் செய்தது சட்டவிரோதம் என்று 60 நாள் தண்டனை. பாராளுமன்ற ஆசனமும் பறிபோனது. சிறுவர் திருமணத்தை நாமும் ஆதரிக்கவில்லை. ஆனால் நீதிமன்றம் பார்த்தது, அமைச்சர் சட்டத்தை மீறினாரா என்பதை. சட்டம் இம்முறையும் தன் வேலையைச் செய்தது. மக்கள்? அடுத்த வருடம் அவர் புதுக் கட்சி தொடங்கினார். 2022 நவம்பர் தேர்தலில் 8.1 வீதம், 14 ஆசனங்கள்.

1993இல் வெட்கப்பட வைத்த விடயம் 2022இல் வாக்குச் சேர்த்துக் கொடுத்தது. இடையில் நடந்ததுதான் அந்தச் சிறு கட்சிகளின் உண்மையான சம்பாத்தியம்.

எமக்கு இது புதிதல்ல. 2015 பொதுத் தேர்தலில் பொதுபல சேனாவின் கட்சிக்கு 0.2 வீதம்கூடக் கிடைக்கவில்லை. அன்று நாம் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம். ஆறு வருடத்தில் அதன் பொதுச் செயலாளர் 'ஒரே நாடு ஒரே சட்டம்' ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பே எமது ஜனாஸாக்கள் எரிந்து முடிந்திருந்தன.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 7ஆம் திகதி டென்மார்க் பாராளுமன்றம் வேத நூல்களைப் பொதுவெளியில் எரிப்பதையும் கிழிப்பதையும் குற்றமாக்கியது. 94 பேர் ஆதரவு, 77 பேர் எதிர்ப்பு. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. சமய நிந்தனைச் சட்டத்தை 2017இல்தான் நீக்கிய நாடு அது. கருத்துச் சுதந்திரம் பறிபோகிறது என்று உள்ளுக்குள் பெரிய சண்டை. இந்த முடிவுக்கு நாட்டின் பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் பெரிய காரணங்கள்தான், எம்மீது வந்த பாசம் என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் அங்கே இருப்பவர்கள் ஒரே முகம் கொண்டவர்கள் அல்லர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. எம்மை ஒரே முகமாகப் பார்க்காதீர்கள் என்று 2019இலிருந்து கெஞ்சிக்கொண்டிருப்பவர்கள் நாம். அதே தவறை நாம் இன்னொருவருக்குச் செய்யலாமா?

இனி எம்மிடமே ஒரு வேண்டுகோள்.

அந்த வீடியோ மீண்டும் வரும். வந்தால் அனுப்ப வேண்டாம், அழித்துவிடுவோம். கோபம் வரக் கூடாது என்று சொல்லவில்லை. குர்ஆனை எரித்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தை யாருக்குச் சம்பளமாகக் கொடுக்கிறோம் என்று மட்டும் பார்ப்போம். வெறுப்பைப் பேசும் சிறு கட்சி எத்தனை வாக்கு எடுத்தது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அதன் பேச்சை அடுத்த தேர்தலில் எந்தப் பெரிய கட்சி பேசுகிறது என்று பார்க்கப் பழகுவோம். எமது வாக்கைக் கேட்டு வருபவர்களிடமும் அதைக் கேட்போம்.

பாடம் முடிந்து மணி அடித்த பிறகு அந்த மாணவர் மேசைக்குக் கிட்ட வந்து, "சேர், வாப்பாக்கிட்ட அத அழிக்கச் சொல்லவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மரியாதையாச் சொல்லு மகன்" என்றோம்.

பிறகு எமது போனை எடுத்து, 2023இல் அனுப்பியதைக் கல்வியியற் கல்லூரிக் குழுமத்தில் தேடினோம். மூன்று வருடத்துச் செய்திகளுக்கு அடியில் அப்படியே கிடந்தது. எல்லோருக்குமாக அழிக்கும் காலம் கடந்துவிட்டது. எமது போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

அல்லாஹ் எம் அனைவரின் தவறுகளையும் மன்னிப்பானாக.

வஸ்ஸலாம்.