ஊறிக் கிடக்கும் நிலம்

முடிச்சூரில் வெள்ளத்தை அடியில்தான் அளப்போம். "உங்க தெருவுல எத்தன அடி?" என்று கேட்டால் எந்த வருஷம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிய, அடையாறு தன் கரையை மறந்தது. எங்கள் தெருவில் ஐந்தடி. அப்பா வீட்டுப் பத்திரத்தையும் என் மார்க் ஷீட்டையும் பால் கவரில் சுற்றி மொட்டை மாடியில் வைத்திருந்தார். தண்ணீர் என்றால் எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான்: வரும், போகாது.

அப்படி வளர்ந்த எனக்கு, தண்ணீரைச் சென்டிமீட்டரில் அளக்கும் வேலை ஒன்று வாய்த்தது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சிநேகிதிக்கு உதவியாக நீலகிரிக்குப் போனேன். ஊட்டிக்கு மேற்கே, இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணப் புல்தரை. காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகிறது. அங்கங்கே ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய்களை மண்ணுக்குள் செங்குத்தாக இறக்கியிருந்தார்கள். காலையும் மாலையும் குழாய்க்குள் டேப்பை விட்டு, தரைக்கு எத்தனை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"இந்த ஒரு நம்பர்லதான் எல்லாமே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. செத்து விழுந்தால் நுண்ணுயிர்கள் அதை மக்க வைத்து, கார்பனைத் திரும்பக் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. அந்த வேலைக்கு ஆக்ஸிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. குளிரும் சேர்ந்துகொண்டால் மக்குவது அநேகமாக நின்றுபோகிறது. பாதி மக்கிய புல்லும் வேரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கறுப்பு மண்ணாகின்றன. இதற்குப் பெயர் பீட். பல இடங்களில் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்வதே அதிகம்.

கனடா, சைபீரியா, பின்லாந்து, ஸ்காட்லாந்து என்று வடக்கில் இந்த நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. உலகத்துப் பீட் நிலமெல்லாம் சேர்ந்தாலும் மொத்த நிலப்பரப்பில் 3 சதவீதம்தான். ஆனால் உலகின் எல்லாக் காடுகளின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது. நீலகிரி அந்தக் குடும்பத்தின் தெற்கத்திச் சின்னத் தங்கை. வெப்ப மண்டலத்தில் பிறந்தாலும் 2,000 மீட்டருக்கு மேலே, உறைபனி விழும் உயரத்தில் வளர்ந்தவள்.

ஒருநாள் அரைவட்டக் குழாய் ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அழுத்தி, மண்ணை எடுத்தோம். திறந்தபோது கறுப்பு அல்வா மாதிரி வழுவழுவென்று ஒரு துண்டு. அதற்குள் புல் நார்கள் தெளிவாகத் தெரிந்தன. எந்த ராஜா காலத்துப் புல்லோ!

இந்த மண்ணைப் படித்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். இரா. சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிப் பீட்டை ஆராய்ந்து 1993-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதினார்கள். வறண்ட காலத்துக்குப் பழகிய புற்களும் ஈரத்தை விரும்பும் செடிகளும் கார்பனின் இரண்டு வகைகளை வேறு வேறு விகிதத்தில் சேர்த்துக்கொள்கின்றன. அந்த விகிதத்தை அடுக்கடுக்காக அளந்தால், எந்தக் காலத்தில் மழை நன்றாகப் பெய்தது, எப்போது பொய்த்தது என்று தெரிந்துவிடும். அப்படி 20,000 ஆண்டு மழைக்கணக்கை எடுத்தார்கள். 1997-இல் அது 40,000 ஆண்டாக நீண்டது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு நெடிய வறட்சி, 600 ஆண்டுகளுக்கு முன் சிறிய ஈரக்காலம். அசோகனுக்கும் சங்கப் புலவர்களுக்கும் முந்தைய மழையெல்லாம் எங்கள் கால் புதைந்த சேற்றுக்குள் வரிசையாகக் கிடந்தது. தண்ணீர் வற்றாமல் இருந்ததால் கிடந்தது.

வற்றினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில், 1850-ஐ ஒட்டி, பீட் நிலத்தின் நீரை வடித்து விவசாய நிலமாக்கினார்கள். மண் எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்க, தரைமட்டத்துக்கு ஒரு கம்பத்தை இறக்கினார்கள். இன்றைக்கு அது தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் நிற்கிறது. கம்பம் வளரவில்லை. அதைச் சுற்றியிருந்த நிலம் சுருங்கியும் மக்கியும் கீழே போய்விட்டது. மக்கிய கார்பன் காற்றோடு போயிற்று. இந்தோனேசியாவில் கதை இன்னும் மோசம். 1990-களின் நடுவில், நெல் விளைவிக்கிறோம் என்று களிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேரில் கால்வாய் வெட்டினார்கள். 1997-இல் எல் நினோ வறட்சி வந்ததும் காய்ந்த மண்ணே பற்றி எரிந்தது. நெல் விளையவில்லை, புகைதான் விளைந்தது.

நீலகிரியில் இவ்வளவு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. வெள்ளைக்காரர்களின் கண்ணுக்குப் புல்வெளி 'வீண் நிலம்'. சீகையும் கற்பூர மரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அரசே அவற்றை இன்னும் பரவலாக நட்டது. சதுப்பின் ஓரத்தில் வாய்க்கால் வெட்டினால் கேரட் வரும், உருளைக்கிழங்கு வரும். தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேயும் புல் சதுப்பில்தான் வளரும். இப்போது அது கிடைப்பதே அரிது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கார்பன் போகிறது. அவர்களுக்குக் கோயிலின் கூரை போகிறது.

ஊருக்குத் திரும்பியபின், வேளச்சேரி போகிற பஸ்ஸில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போதெல்லாம் 'வீண் நிலம்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. பழைய ஆட்கள் இதைக் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் ஏரிகள் வழிந்து வந்து சேரும் தாழ்வு. சும்மா கிடக்கிறது என்று நினைத்ததால்தான் குப்பை கொட்ட முடிந்தது, கட்டடம் எழுப்ப முடிந்தது. மீதமிருந்த சுமார் 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. நீலகிரி மாதிரி இது பீட் நிலமல்ல. ஈரமாக இருந்தாலே புண்ணியம் என்றும் சொல்ல முடியாது. நீர் நிறைந்த சேற்றில் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் உயிர்கள் மீத்தேனை விடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் ஏற்றும். ஆனால் மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் காற்றில் சிதைந்துவிடும். வடித்த பீட்டிலிருந்து போகும் கார்பன் நூற்றாண்டுகளுக்கு நிற்கும். அதனால்தான் இப்போது வடக்கு நாடுகளில் தாங்களே வெட்டிய வாய்க்கால்களைத் தாங்களே அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது வேறொரு கணக்கில் இருந்தார். ஜாக்கி வைத்து வீட்டை நாலடி தூக்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு ஏற்கெனவே எழும்பியிருந்தது. ரோடு போடும்போதெல்லாம் ரோடும் ஏறுகிறது.

"ஏரிக்குக் கலங்கல் எதுக்கும்மா வெச்சான்? இந்த மட்டம் வரைக்கும் ஏரியோடது, அதுக்கு மேல ஊரோடதுன்னு சொல்லத்தான். நாம கலங்கலுக்குக் கீழ மனை வாங்கிட்டோம். அன்னிக்கு இருந்த காசுக்கு இதுதான் வந்துச்சு. இப்ப வித்துட்டுப் போன்றியா?"

"விக்க வேணாம்ப்பா. தூக்கிட்டு, அடியில ரப்பிஷ் போட்டு நிரப்பினா அந்தத் தண்ணி எங்க போகும்?"

அவர் பதில் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எதிர்வீடு தாழ்ந்த வீடு. அங்கே தனியாக இருக்கும் அத்தைக்குத் தன் வீட்டைத் தூக்கக் காசு கிடையாது. 2015-இல் மூன்று நாள் எங்கள் மொட்டை மாடியில் எங்களோடு இருந்தவர்.

மண்ணுக்குள் கார்பனைப் பிடித்து வைப்பது தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் நிற்க இடம் விட்டுவைப்பதோ வெளியிலிருக்கும் ஆட்கள். பின்லாந்தோ பள்ளிக்கரணையோ, இந்தக் கணக்கில் வித்தியாசமில்லை. ஓரிடத்தில் வடித்த நீர் இன்னோர் இடத்தில் ஏறும்.

போன வாரம் அப்பா ஜாக்கிக்காரனுக்குப் போன் செய்தார். வீட்டைத் தூக்கினாலும் அடியில் நிரப்பாமல், தூண்கள்மேல் நிறுத்தி, தண்ணீர் உள்ளே வந்து நின்று போக வழி விட முடியுமா என்று கேட்டார். செலவு கூடும் என்றானாம். எவ்வளவு என்று கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். அத்தை வந்து பார்த்துவிட்டு, "அந்தத் தூணுக்கு நடுவுல என் ஸ்கூட்டிய விட்டுக்கட்டுமா?" என்று கேட்டார்.